ஓசை முன், எழுத்துப் பின்: தொடக்கநிலைக் குழந்தைக்குத் தமிழ் வாசிக்கக் கற்பித்தல்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் சிறியது போலத் தோன்றும். தொடக்கநிலை ஒன்றில் அமர்ந்திருக்கும் ஒரு குழந்தை 'பட்டம்' என்னும் சொல்லைப் பார்த்து அதனை எவ்வாறு வாசிக்கிறது? அந்த ஒரு நொடியில் குழந்தையின் கண்ணும் காதும் மனமும் என்ன செய்கின்றன? நாம் அதற்கு எவ்வாறு துணை நிற்கலாம்? இவையே என் வினாக்கள்.

வினா சிறியதாயினும் அதன் விளைவு பெரிது. முதல் ஈராண்டுகளில் வாசிக்கப் பழகாத குழந்தை, அடுத்த நான்காண்டுகளில் பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கப் பழகுகிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வையும் அவ்வாறே கடந்துவிடக்கூடும். ஆனால் தேர்வு முடிந்த நாளன்று அது தமிழ்ப் புத்தகத்தை மூடிவிடும், பின்னர்த் திறவாது. வாசிக்கத் தெரிந்த குழந்தைக்கு மட்டுமே மொழி வகுப்பறைக்கு வெளியேயும் உடன் வருகிறது.

ஆங்கில முறையும் நம் எழுத்தும்

'ஃபோனிக்ஸ்' என்று நாம் வழங்கும் எழுத்தொலி முறை ஆங்கிலக் கல்வியில் நீண்ட விவாதத்திற்குப் பின் நிலைபெற்றது. 1955இல் ருடால்ஃப் ஃபிளெஷ் எழுதிய நூல் அமெரிக்காவில் அவ்விவாதத்தைப் பொதுமக்களிடையே கொண்டு சென்றது. இங்கிலாந்தில் 2006இல் வெளிவந்த ரோஸ் அறிக்கை, எழுத்தொலிகளை முறையாகக் கற்பித்து அவற்றை இணைத்து வாசிக்கச் செய்வதைப் பரிந்துரைத்தது. நம் குழந்தைகளுள் பலர் பாலர் பள்ளியிலேயே இம்முறையைப் பழகிக்கொண்டுதான் தமிழ் வகுப்பிற்கு வருகின்றனர்.

அம்முறையின் அடிப்படை உண்மை தமிழுக்கும் பொருந்தும். எழுத்து என்பது ஒலியின் குறி. அதனைக் குழந்தை தானே கண்டுகொள்ளும் என்று காத்திராமல் முறையாகக் கற்பிக்க வேண்டும். ஆயினும் அம்முறையை அப்படியே பெயர்த்து நட இயலாது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. அங்குள்ள இடர், ஓர் எழுத்துக்குப் பல ஒலி, ஓர் ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டு என்பது. தமிழின் இடர்கள் வேறு. அவை எவை என்று அறியாமல் மருந்து கொடுத்தல் ஆகாது.

247 என்னும் அச்சம்

பெற்றோர் பலர் முதலில் அஞ்சுவது எண்ணிக்கைக்கே. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. ஆனால் குழந்தை நினைவில் கொள்ள வேண்டிய அடிப்படை வடிவங்கள் இத்தனை அல்ல. உயிரெழுத்து 12, அகர உயிர்மெய் வடிவம் 18, புள்ளி 1, ஆய்தம் 1. துணைக்கால், மேல்விலங்கு, கொம்பு முதலிய உயிர்க்குறிகளுள் தனித்தனி வடிவமுடையவை எட்டே. கொ, கோ, கௌ ஆகியவற்றின் குறிகள் முன்னரே கற்றவற்றின் சேர்க்கை. ஆக மொத்தம் 40. ஏனையவை இவற்றின் கூட்டு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அது உகர, ஊகார வரிசை. உகரக் குறி ஒரே வடிவினதன்று. கு, டு, மு, ரு, ழு, ளு ஓரினம். ஙு, சு, பு, யு, வு மற்றோரினம். ஞு, ணு, து, நு, லு, று, னு மூன்றாம் இனம். இம்மூன்று இனங்களையும் தனித்தனியே, இனம் இனமாகக் கற்பித்தால் குழப்பம் குறையும். நெடுங்கணக்கு வரிசையில் கு, ஙு, சு என்று ஓட்டினால் ஒவ்வோர் எழுத்தும் ஒரு புதிராகிவிடும்.

எழுத்தை எளிதாக்கும் முயற்சி நம் மரபிற்குப் புதியதன்று. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய வழக்கு. ஓலையில் புள்ளியிடும் வழக்கம் அருகியபோது குறிலும் நெடிலும் மயங்கின. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு வேற்றுவடிவம் தந்து அம்மயக்கத்தைத் தீர்த்தார் என்பர். 1978இல் தமிழ்நாட்டு அரசு, பெரியார் பரிந்துரைத்த சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை ஏற்று ணா, றா, னா, ணை, லை உள்ளிட்ட 13 எழுத்துகளின் தனிவடிவங்களைப் பொதுவிதிக்குள் கொண்டுவந்தது. பின்னர் நாமும் அதனைப் பின்பற்றுகிறோம். இவற்றின் நோக்கம் ஒன்றே: விதி ஒன்றைக் கற்றால் எழுத்துகள் பல கைவர வேண்டும். அவ்விதியைக் குழந்தைக்குக் காட்டாமல் 247 படங்களாக எழுத்துகளைக் கற்பித்தால் முன்னோர் செய்த உதவியை நாமே வீணாக்கியவர்கள் ஆவோம்.

மேலும், 247ம் சமமான பயனுடையன அல்ல. ஙகர வரிசையில் ங், ங இரண்டும் நீங்கலாக ஏனையவை குழந்தை நூல்களில் வருவதே இல்லை. ஔகார வரிசையில் 'மௌனம்', 'கௌதாரி' போன்ற சில சொற்களே உள. இவற்றிற்கும் பகர வரிசைக்கும் சம நேரம் ஒதுக்குவது முறையன்று. மாறாக, கிரந்த எழுத்துகளான ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை வகுப்பிலுள்ள குழந்தைகளின் பெயர்களிலேயே இருக்கும். தன் பெயரையும் தோழியின் பெயரையும் வாசிக்க விரும்பும் குழந்தையிடம், 'அது பிறகு' என்று சொல்லுதல் தகாது.

கண் செல்லும் வழியும் ஒலி செல்லும் வழியும்

தமிழெழுத்தின் உண்மையான முதல் இடர் இது. 'கெ' என்று ஒலிக்கும்போது ககர மெய் முன்னும் எகர உயிர் பின்னும் ஒலிக்கின்றன. எழுதும்போதோ கொம்பு முன்னே நிற்கிறது. கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆகிய ஆறு வரிசைகளிலும் இதே நிலை. பதினெட்டு மெய்க்கும் ஆறு வரிசை எனின் 108. உயிர்மெய் எழுத்துகளுள் சரிபாதி. இவற்றில் கண் முதலில் காண்பது காது இறுதியில் கேட்பதனை.

ஆங்கிலத்தில் இடமிருந்து வலமாக ஒலிகளைக் கோத்துப் பழகிய குழந்தை இங்கே தடுமாறுவது இயல்பு. 'மொட்டு' என்பதனை 'மெ' என்று தொடங்கித் துணைக்காலை ரகரமாக எண்ணி, 'மெரட்டு' என்று வாசிக்கும் குழந்தைகள் உண்டு. அது கவனக்குறைவன்று, தான் கற்ற விதியை ஒழுங்காகப் பின்பற்றியதன் பயன். எனவே அதனைக் கடிந்துகொள்ளாமல், தமிழில் வாசிப்பின் அலகு தனிக்குறியன்று, முழு உயிர்மெய்யே என்பதனைப் பழக்க வேண்டும். விரலால் சுட்டும்போது குறியைச் சுட்டாமல் எழுத்து முழுவதன் கீழும் விரலை ஓட்டுக. சொற்பட்டையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு கட்டம் அமைக்க. 'கொ' ஒரு கட்டம். 'டு' ஒரு கட்டம். கொம்பைக் கண்டால் நின்று, அடுத்த எழுத்தையும் பார்த்த பின்னரே வாய் திறக்க வேண்டும் என்பதனை ஒரு விளையாட்டாகவே பழக்கலாம்.

எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு

மெய்யெழுத்தைத் தனியே ஒலிப்பது கடினம். ஆகவே 'இக்', 'இங்', 'இச்' என்று இகரத்தைத் துணையாக்கிக் கூறுகிறோம். பெயராக அது பயன்படும். ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது குழந்தை 'ப, இட், ட, இம்' என்று கூறி, பின்னர் அந்நான்கையும் எவ்வாறு சேர்ப்பது என்று அறியாமல் ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறது. அச்சொல்லில் இல்லாத இகரங்கள் இரண்டை நாமே உள்ளே புகுத்திவிட்டோம்.

புள்ளி வைத்த எழுத்து முன்னெழுத்தோடு ஒட்டியே ஒலிக்கும் என்பதனை முதலிலேயே பழக்க வேண்டும். 'பட் – டம்' என இரண்டு அசையாக ஒலிக்கச் செய்து பின்னர் இணைக்க வேண்டும். இங்கு அசை என்பது மொழியியல் அசை. யாப்பிலக்கண அசையோடு அதனை மயக்கலாகாது. 'படம்' யாப்பில் ஒரே நிரையசை. ஒலி நிலையில் 'ப – டம்' என இரண்டசை. குழந்தைக்கு இவ்விளக்கம் வேண்டா, ஆசிரியர்க்கு வேண்டும்.

குறில் நெடில் வேறுபாட்டிற்கு நம் இலக்கணத்திலேயே நல்ல கருவி உண்டு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண்ணிமைக்கும் நேரமும் கைநொடிக்கும் நேரமும் மாத்திரைக்கு அளவாகச் சொல்லப்பட்டன. இதனைத் தேர்வுக்குரிய நூற்பாவாக மட்டும் கருதிவிட்டோம். உண்மையில் இது ஒலிப்பயிற்சிக்கான கருவி. எழுத்தைக் காட்டுமுன்னரே 'பல்', 'பால்' என்று சொல்லி, குறிலுக்கு ஒருமுறை கைநொடித்தும் நெடிலுக்குக் கையை நீட்டி இழுத்தும் காட்டச் செய்யலாம். கல், கால்; படம், பாடம்; விடு, வீடு; முடி, மூடி; எரி, ஏரி; கொடி, கோடி எனச் சொல்லிணைகள் தமிழில் ஏராளம். காது வேறுபாட்டை உணர்ந்த பின்னரே கண்ணுக்குத் துணைக்கால் பொருளுடையதாகும். காதில் ஒன்றாகக் கேட்பனவற்றுக்கு எழுத்தில் இரண்டு வடிவம் ஏன் என்று குழந்தைக்கு எவ்வாறு விளங்கும்?

லகர, ளகர, ழகரங்களுக்கும் இது பொருந்தும். 'புலி', 'புளி' இரண்டையும் ஆசிரியர் தம் ஒலிப்பில் வேறுபடுத்தாமல் எழுத்தில் மட்டும் வேறுபடுத்தக் கேட்டால், அது நினைவாற்றல் தேர்வாகுமேயன்றி வாசிப்புப் பயிற்சி ஆகாது.

ஓரெழுத்து, இடத்திற்கேற்ற ஒலி

வல்லினம் ஒவ்வொன்றும் தன் இடத்திற்கேற்ப ஒலிக்கிறது. 'கல்', 'பக்கம்', 'பங்கு', 'பகல்' ஆகிய நான்கிலும் ககரம் ஒன்றே, ஒலி ஒன்றன்று. 'சட்டை', 'பச்சை', 'மஞ்சள்' ஆகியவற்றில் சகரமும் அவ்வாறே. தமிழைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு இது இடராவதில்லை; சொல்லை அறிந்திருப்பதால் நா தானே திருந்துகிறது. அவ்வாறு வளராத குழந்தை 'பகல்' என்பதனைப் 'பக்கல்' என்றும், 'படம்' என்பதனைப் 'பட்டம்' என்றும் வாசிக்கும். விதியை விளக்குவது இவ்வகவையில் பயன் தராது. ஒரே இடத்தில் ஒரே ஒலி வரும் சொற்களைத் தொகுத்துத் தருவதே வழி: பகல், நகம், முகம், காகம் ஒரு தொகுதி, பக்கம், அக்கா, சக்கரம் ஒரு தொகுதி, தங்கம், சங்கு, பங்கு ஒரு தொகுதி. மூன்றையும் கேட்டு, சொல்லி, பின்னர் வாசித்தால் விதி சொல்லப்படாமலே மனத்தில் பதியும்.

கேட்டறியாத சொல்லை வாசிக்க இயலுமா?

இனி, என் உரையின் மையமான கருத்திற்கு வருகிறேன். 1986இல் காஃப், டன்மர் என்னும் ஆய்வாளர் இருவர் வாசிப்பைப் பற்றி எளிய வாய்பாடு ஒன்றை முன்வைத்தனர். எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுணரும் திறனையும் பெருக்கி வருவதே வாசித்துப் பொருளுணர்தல் என்பது அவர்தம் கொள்கை. கூட்டல் அன்று, பெருக்கல் என்பதனைக் கருதுக. இரண்டில் ஒன்று சுழியமாயின் விடையும் சுழியமே.

சிங்கப்பூரின் நிலையை இவ்வாய்பாட்டில் வைத்துப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து அகவையும் அதற்கு மேலும் உள்ள இந்தியர்களுள் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலம் என்று தெரியவந்தது. 2010இல் அது ஏறத்தாழ 42 விழுக்காடு. இந்தியர் அனைவரும் தமிழர் அல்லர் என்பதனைக் கழித்துப் பார்த்தாலும் திசை தெளிவு. 'குளம்' என்று பிழையின்றி எழுத்துக்கூட்டிவிட்டு, அச்சொல்லைத் தன் வாழ்நாளில் கேட்டிராத குழந்தை நம் முன் அமர்ந்திருக்கிறது. அதன் எழுத்தறிவில் குறையில்லை. சென்றடையச் சொல் இல்லை.

தமிழ் பேசும் வீட்டிலிருந்து வரும் குழந்தைக்கும் இடருண்டு. அது கேட்ட சொல் 'கொட'; நூலில் இருப்பது 'குடை'. அது கேட்டது 'எல', நூலில் 'இலை'. 'பாலு' என்று கேட்டது 'பால்' என்று நிற்கிறது. 'மரம்' என்பதன் இறுதி மகரம் பேச்சில் மூக்கொலியாய்த் தேய்கிறது. 'வந்துச்சு' என்பது 'வந்தது' ஆகிறது. ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு என்று விளக்கிய நிலை இங்கே ஏழு அகவைக் குழந்தையின் தலைமேல் வந்து அமர்கிறது.

எனவே பேச்சுத்தமிழ் வாசிப்பு வகுப்பில் இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. பேச்சுத்தமிழை வகுப்பறையில் விட்டால் எழுத்துத்தமிழ் கெடும் என்று அஞ்சும் ஆசிரியர்கள் உளர். அவ்வச்சத்தை நான் மதிக்கிறேன். அது மொழியின்மேல் கொண்ட அன்பினால் எழுவது. ஆயினும் இவ்விரு வழக்கிற்கும் இடையிலுள்ள உறவு ஒழுங்கற்றதன்று. குடை – கொட, புகை – பொக, உடம்பு – ஒடம்பு. இலை – எல, விலை – வெல, இடம் – எடம். உகரம் ஒகரமாகவும் இகரம் எகரமாகவும் மாறுவது விதிவழிப்பட்டது. கல் – கல்லு, பால் – பாலு என உகரம் ஏறுவதும் அத்தகையதே. ஒழுங்குள்ள உறவைக் காட்டினால் ஒன்று மற்றொன்றுக்கு ஏணியாகும். மறைத்தால் குழந்தை இரண்டையும் வெவ்வேறு மொழிகளாகக் கருதும். 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தருமாறு பரிந்துரைத்தது. அதனை வாய்மொழிப் பாடத்தோடு நிறுத்தாமல் வாசிப்புப் பாடத்தின் வாயிலாகவும் கொள்ள வேண்டும்.

நடைமுறையில் இது கடினமன்று. நூலைத் திறக்குமுன் படத்தைக் காட்டிப் பேச்சுத்தமிழில் உரையாடுக: 'மழ பெய்யுது. அந்தப் பொண்ணு கையில என்ன வெச்சிருக்கா?' 'கொட' என்று விடை வரும். 'நாம கொடன்னு சொல்றோம். புத்தகத்துல குடைன்னு எழுதுவோம்' என்று ஒருமுறை கூறி எழுத்தைக் காட்டுக. வீட்டில் தமிழ் கேளாத குழந்தைக்கு அச்சொல்லை அறிமுகம் செய்வதும் இவ்வுரையாடலே. இருவகைக் குழந்தைக்கும் ஒரே ஐந்து நிமிடம் உதவுகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

உயிரெழுத்துப் பன்னிரண்டையும் முடித்த பின்னரே மெய்க்குச் செல்வது பழைய முறை. அதில் ஒரு குறையுண்டு. அ – அம்மா, ஆ – ஆடு, இ – இலை என்று கற்கும் குழந்தை அவற்றுள் ஒரு சொல்லையும் வாசிக்கவில்லை. 'அம்மா' என்பதில் அது அறிந்தது முதலெழுத்து மட்டுமே, ஏனையது படம். வாரங்கள் பல கடந்தும் தானே வாசித்த சொல் ஒன்றும் அதன் கையில் இராது.

மாறாக, ப, ம, ட, க, ல என்னும் ஐந்து எழுத்துகளையும் புள்ளியையும் துணைக்காலையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். கல், கால், பல், பால், படம், பாடம், பட்டம், கடல், பகல், பக்கம், கப்பல், காகம், பாலம், பாடல் எனப் பதினான்கு சொற்கள் உடனே கிடைக்கின்றன. குறில் நெடில், ஒற்று இரட்டித்தல், ககரத்தின் இடவேறுபாடு ஆகிய மூன்றும் இச்சிறு தொகுதிக்குள்ளேயே வந்துவிடுகின்றன. பின்னர் மேல்விலங்கும் அதன் சுழியும். அடுத்து உகர இனங்கள் ஒவ்வொன்றாய். இறுதியில் கொம்புடைய எழுத்துகள். நெடுங்கணக்கு வரிசையைப் பாட்டாகப் பாடி நினைவிற்கொள்வது தனியே நடக்கட்டும்; அகராதி பார்க்க அது வேண்டும். ஆனால் பாடும் வரிசை வேறு, வாசிக்கக் கற்கும் வரிசை வேறு.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். கன்னடக் குழந்தைகளைப் பற்றிய சோனாலி நாக் அவர்களின் ஆய்வுகள், உயிர்மெய் முறை எழுத்துகளைக் கற்று முடிக்க ஆங்கில நெடுங்கணக்கைக் காட்டிலும் மிகுந்த காலம் தேவை என்று காட்டின. கன்னடமே பள்ளிமொழியாக உள்ள இடத்திலேயே நிலை அதுவாயின், நாள்தோறும் சிறிது நேரமே தமிழ் கேட்கும் நம் குழந்தைக்கு ஓராண்டில் எல்லா எழுத்தும் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. குறைந்த எழுத்து, மிகுந்த வாசிப்பு என்பதே நம் நெறியாகட்டும்.

குழந்தை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா என்பதனை அறிவது எளிது. பாடத்தின் வரிகளை வரிசை மாற்றிக் காட்டுக. அல்லது பொருளற்ற சொல் ஒன்றை எழுதுக: 'மாகடல்' என்றால் பொருள் வந்துவிடும், 'டபாகம்' என்று எழுதலாம். இங்கிலாந்தில் 2012 முதல் நடைபெறும் எழுத்தொலிச் சோதனையிலும் இத்தகைய பொய்ச்சொற்கள் உண்டு. பாடத்தைச் சரளமாக 'வாசித்த' குழந்தை இதில் வாயடைத்து நிற்குமாயின், எங்கே மீண்டும் தொடங்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்துவிடும். இது மதிப்பெண்ணுக்கன்று, ஆசிரியரின் கண்ணைத் திறப்பதற்கு.

நிறைவாக

அன்பு ஆசிரியர்களே, வருங்கால ஆசிரியர்களே, வாசிப்பின் இரு காரணிகளுள் எழுத்தை ஒலியாக்குதல் நாம் முறையாகக் கற்பித்தால் வந்துவிடும். சொல்லைக் கேட்டுணர்தல், யாரேனும் அக்குழந்தையோடு பேசினால் மட்டுமே வரும். வீடு பேசாவிடில் வகுப்பறை பேச வேண்டும். தேசிய நூலக வாரியத்தின் நூலகங்களில் தமிழ்ச் சிறுவர் நூல்கள் உள்ளன. நாள்தோறும் ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்டுங்கள். படித்த பின் அதைப் பற்றிப் பேச்சுத்தமிழில் பேசுங்கள். எழுத்துப்பயிற்சித் தாள் ஒன்று குறைந்தாலும் குற்றமில்லை.

தான் அறிந்த சொல் ஒன்று தாளில் இருப்பதைக் குழந்தை கண்டுகொள்ளும் கணமே வாசிப்பின் தொடக்கம். அக்கணம் தொடக்கநிலை ஒன்றிலேயே ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்க்கச் செய்வது நம் கடமை.